காவிரிக் கரையோரம் சைக்கிள் பயணம்: ராத்திரி கூடாரம் எங்கே போடலாம்?

திருச்சி டைனமோ

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி முதல் வாரத்தில் நானும் என் சித்தப்பா மகனும் ஸ்ரீரங்கத்திலிருந்து பூம்புகார் வரைக்கும் காவிரியை ஒட்டியே சைக்கிளில் போவதாக இருக்கிறோம். வழி முடிவாகிவிட்டது. கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, அங்கிருந்து கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம், அப்புறம் ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, கடைசியில் கடல். மேடு என்று சொல்ல பாலத்து ஏற்றம் தவிர எதுவும் இல்லை, அவசரமும் இல்லை.

தீராமல் இருப்பது ராத்தங்கல் மட்டும்தான். லாட்ஜ் வேண்டாம். கட்டில், மெத்தை, ஏசி எல்லாம் போட்டு அதற்குக் கூடாரம் என்று பெயர் வைத்து வாடகை வாங்குகிற இடமும் வேண்டாம். சமமான தரை, இரண்டு குடம் தண்ணீர், காலையில் ஒதுங்க ஒரு இடம், இது போதும். என் கணக்கு ஆற்று மணல். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள், அதனால் பிப்ரவரியில் காவிரியில் பாதிக்கு மேல் மணல்தான் தெரியும். ஊரைத் தாண்டி, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து இருட்டின பிறகு கூடாரம் போட்டு, விடிவதற்குள் சுருட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். இந்தப் பக்கம் இப்படித் தங்கியவர்கள் நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள்.

பஞ்சர் பெட்டி

தம்பி, ஆற்று மணல் வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

முதல் காரணம் தண்ணீர். ஜனவரி 28 என்பது வழக்கம், அவ்வளவுதான். சம்பா இன்னும் வயலில் நிற்கிறது, அணையில் இருப்பும் இருக்கிறது என்றால் தள்ளிப் போடுவார்கள். அதைவிட முக்கியமான விஷயம் கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரித்து விடுகிறார்கள். தண்ணீர் குறைவாக வருகிற காலத்தில் முறை வைத்து, இத்தனை நாள் இந்த ஆறு, இத்தனை நாள் அந்த ஆறு என்று மாற்றி மாற்றி விடுவதும் உண்டு. இன்றைக்கு மணலாகக் கிடக்கிற ஆற்றில் நாளை விடிகாலை முழங்கால் தண்ணீர் ஓடலாம். முறை மாறுவது விவசாயிக்குத் தெரியும், மணலில் படுத்திருக்கிற உங்களுக்கு யார் வந்து சொல்வது?

இரண்டாவது ஆட்கள். ராத்திரி ஆற்றுக்குள் இறங்குகிறவர்கள் யார் என்று கரையோர ஊர்க்காரர்களைக் கேளுங்கள். திருட்டு மணல் அள்ளுகிற வண்டி, பாலத்துக்கு அடியில் குடிக்கிற கூட்டம், அவர்களைத் தேடி வருகிற போலீஸ். இந்த மூன்று பேருக்கும் நீங்கள் யாரென்று தெரியாது. விடிகாலையில் அதே கரைக்கு ஊரில் பாதிப் பேர் ஒதுங்க வருவார்கள், அது அவர்களுக்கும் சங்கடம்.

அப்புறம் "யார் கண்ணிலும் படாமல்" என்கிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். டெல்டாவில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு குழி நிலத்துக்கும் ஆள் உண்டு, அந்த ஆள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் திருப்ப மண்வெட்டியோடு வருவார். இருட்டில் அவர் டார்ச் அடித்து உங்களைப் பார்ப்பதற்குப் பதில், சாயங்காலம் நாலு மணிக்கு நீங்களே போய் அவரைப் பார்த்துவிடுங்கள். இடத்தைத் தேடாதீர்கள், "இங்கே படுத்துக்குங்க" என்று சொல்ல உரிமை உள்ள ஒருவரைத் தேடுங்கள். தரை எப்படி இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

களத்துமேடு

பஞ்சர் பெட்டி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விவசாயம், நானும் சைக்கிள்காரன்தான். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

பிப்ரவரி என்றால் எங்களுக்கு அறுப்புக் காலம். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது களம்தான், சிமெண்டுத் தரை, சமமாக இருக்கிறது, காற்று வருகிறது என்று. மற்ற மாதத்தில் வந்தால் நானே களத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வேன். அறுப்பு நேரத்தில் களத்தில் காலடி வைக்க இடம் இருக்காது. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள், அதனால் களம், தெரு, தார்ச்சாலை எல்லாவற்றிலும் நெல் காயும். பகலில் பரப்பி, பொழுது சாய்ந்ததும் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே ஆள் படுத்திருக்கும். அந்த நேரத்தில் போய் "களத்தில் ஒரு ஓரம் தருவீர்களா" என்று கேட்டால் முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் சரி என்பார்கள், ஆனால் மனசுக்குள் கஷ்டம். சாலையில் காய்கிற நெல் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். அப்படித் தள்ளிக்கொண்டு போகிறவனை ஊரே கவனிக்கும், சாயங்காலம் இடம் கேட்கும்போது அது உங்களுக்காகப் பேசும்.

அறுத்து முடிந்த வயலில் போடலாமே என்று தோன்றும். அறுத்த நெல் தாள் கட்டை கட்டையாக நிற்கும், கூடாரத்தின் அடித்துணியைக் குத்திக் கிழித்துவிடும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் கீழே ஈரம் இருக்கும், படுத்த ஒரு மணி நேரத்தில் முதுகில் தெரியும். போதாததற்கு, அடுத்த பங்கு வயலில் அறுப்பு மெஷின் விளக்கு போட்டுக்கொண்டு நடு ராத்திரி வரைக்கும் ஓடும்.

நான் பார்க்கச் சொல்வது மோட்டார் கொட்டகை. போர்வெல் போட்டிருக்கிற கொல்லையில் கொட்டகையைச் சுற்றி கொஞ்சம் மேடான மண் தரை இருக்கும், முன்னால் தொட்டி இருக்கும், பெரும்பாலும் ஒரு வேப்ப மரமோ பூவரசோ நிற்கும். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை கரண்ட் எந்த நேரத்தில் வரும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது தொட்டியில் குளித்தால் அன்றைக்கு மிதித்த அலுப்பெல்லாம் போய்விடும். ஒன்று மட்டும் பாருங்கள், தொட்டியிலிருந்து வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போடாதீர்கள். தானியங்கி ஸ்டார்ட்டர் வைத்திருந்தால் ராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும், வாய்க்கால் எங்காவது உடைந்திருந்தால் உங்கள் கூடாரத்துக்குள் தண்ணீர்.

திருச்சி டைனமோ

அண்ணா, மிக்க நன்றி. முறைப் பாசன விஷயம் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சரி, மணல் வேண்டாம்.

ஆனால் ஒரு தயக்கம். அறுப்பு நேரத்தில் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றால் சாப்பாடு, காபி என்று அவர்களுக்கு இன்னொரு வேலை. எங்களுக்கும் கொஞ்சம் தனிமை வேண்டும் என்றுதான் கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போகிறோம். தென்னந்தோப்பாகப் பார்த்து, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போட்டுக்கொண்டால் என்ன? நிழல், சமமான தரை, வீடுகளிலிருந்து தள்ளியும் இருக்கும்.

களத்துமேடு

தோப்புக்குள் வேண்டவே வேண்டாம் தம்பி. காய் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும், மட்டையை யாரும் நினைப்பதில்லை. பழுத்த மட்டை காற்றே இல்லாமல் விழும். அடிப்பக்கம் நம் தொடை பருமன் இருக்கும், அந்தக் கனமான பக்கம்தான் முதலில் தரையில் வந்து குத்தும். மரத்துக்கு மரம் 25 அடி விட்டு நடுவார்கள், மட்டையின் நீளம் 15 அடிக்குக் குறையாது. ஆகவே நாலு மரத்துக்கு நட்ட நடுவில் போட்டாலும் எட்டும். தோப்பில் வேலை செய்கிறவர்கள் மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள், தென்னைக்கு அடியில் உட்கார மாட்டார்கள்.

தோப்புக்காரர் சரி என்றால் தோப்பின் ஓரத்தில், மாமரம் இருக்கிற பக்கமோ வரப்பைத் தாண்டிய திடலிலோ போடுங்கள். தேங்காய் உரிக்கிற இடம், மட்டை குவித்திருக்கிற இடம் இரண்டையும் விட்டுத் தள்ளியே இருங்கள். மட்டைக் குவியலுக்குள் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வைக்கோல் போருக்கும் அதேதான். மெத்தென்று இருக்கிறதே என்று போர் ஓரமாகப் போடாதீர்கள். நெல் சிந்தியிருக்கும், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். போர் பக்கத்தில் அடுப்பு பற்ற வைத்தால் அந்த வருஷத்து மாட்டுத் தீவனம் மொத்தமும் ஒரு பொறியில் போய்விடும், அதை எந்த விவசாயியும் மன்னிக்க மாட்டார்.

தொந்தரவு என்று சொன்னீர்களே, அதற்கு ஒரே வழி முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது. "சாப்பாடு ஆச்சுங்க, படுக்க இடம் மட்டும்தான், காலை ஆறு மணிக்குக் கிளம்பிடுவோம்." மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும். எத்தனை பேர், எந்த ஊர், எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் எதிரில் இருப்பவர்களுக்குப் பாரம் குறைந்துவிடும்.

மெதுமிதி

இழையில் எல்லோரும் ஆண்களாக இருக்கிறீர்கள் போல, நான் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து பேசுகிறேன். நானும் என் தோழியும் கும்பகோணத்திலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் கிராமத்து வழியாகவே கூடாரத்தோடு போயிருக்கிறோம். எங்களுக்குத் தண்ணீரும் தரையும் இரண்டாம் பட்சம், கழிப்பறைதான் முதல். நானே இதை வெளிப்படையாக எழுதாவிட்டால் இந்த வழியில் போக நினைக்கிற பெண்களுக்கு யார் சொல்வார்கள்?

நாங்கள் செய்வது இதுதான். மூன்றரை மணிக்கு மேல் மிதிப்பதை மெதுவாக்கி, வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிற வீடாகப் பார்க்க ஆரம்பிப்போம். பூ கட்டுவார்கள், நெல் துழாவிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நிறுத்தி முதலில் கேட்பது "அக்கா, பாத்ரூம் போகணும்" என்பதுதான். கூடாரம், ராத்தங்கல் எதையும் பேச மாட்டோம். எந்த வீட்டுப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வி புரியும், எங்கிருந்து வருகிறீர்கள், சைக்கிளிலா, வீட்டில் தெரியுமா என்று பேச்சு தானாக வளரும். அவர்கள் பேசுகிற விதத்திலேயே அந்த வீடு நமக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடும். சரி என்று தோன்றினால் மட்டும் கொல்லையில் இடம் கேட்போம், இல்லையென்றால் நன்றி சொல்லி அடுத்த ஊர். கேட்ட பிறகு மறுப்பதைவிட இப்படிக் கேட்காமலே நகர்வது எல்லோருக்கும் நல்லது.

கூடாரத்தை வீட்டு வாசல் தெரிகிற மாதிரி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் போடுவோம். தெரு விளக்குக்கு நேர் கீழே போட மாட்டோம், ராத்திரி கூடாரத்துக்குள் நம் நிழல் வெளியே தெரியும். கோயில் மண்டபம் ஆண்களுக்கு வசதி, எனக்கு இல்லை. நடை சாத்திய பிறகு அங்கே யார் வருவார்கள் என்று அர்ச்சகருக்கே தெரியாது. மாசி மகம் நெருங்கிவிட்டால் கும்பகோணத்தைச் சுற்றி எந்த மண்டபமும் காலியாக இருக்காது என்பது வேறு.

டைனமோ தம்பிக்கு: தனிமை வேண்டும் என்கிறீர்கள், புரிகிறது. ஏழு மணிக்குப் பேச்சு முடிந்துவிடும், எட்டு மணிக்கு ஊரே படுத்துவிடும். அதற்கு மேல் உங்களுக்கு எவ்வளவு தனிமை வேண்டுமோ அவ்வளவும் கிடைக்கும்.

நைட் டூட்டி

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பாம்பு விஷயத்தைக் களத்துமேடு ஒரு வரியில் தாண்டிவிட்டார், எனக்கு அதை விரித்துச் சொல்லியாக வேண்டும்.

டெல்டாவில் பயப்பட வேண்டியவை நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன். கூடாரம் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது முக்கியமாகக் கட்டுவிரியன். அது இரவில்தான் நடமாடும், தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடி வாய் சரியாகத் தெரியாது, வீக்கமோ பெரிய வலியோ இருக்காது, எறும்பு கடித்தது என்று புரண்டு படுத்துவிடுவார்கள். விடிகாலையில் வயிற்று வலி, வாந்தி, இமை தூக்க முடியாமல் கண் சொருகுவது, பேச்சு குழறுவது என்று ஆரம்பிக்கும்போதுதான் தெரியவரும். கூடாரத்தில் தூங்குகிறவருக்கு விடிகாலையில் இதில் எது வந்தாலும் சூடு, பித்தம், நேற்றுச் சாப்பிட்ட பரோட்டா என்று உட்கார்ந்திருக்காமல் உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும்.

இதனாலேயே மண்டபத்தில் வெறும் பாயில் படுப்பதைவிட ஜிப் வைத்த கூடாரம் ஆயிரம் மடங்கு மேல் என்பேன். ஆனால் ஜிப் மூடியே இருக்க வேண்டும், சாயங்காலம் கூடாரத்தை நிறுத்தின நிமிஷத்திலிருந்து. காற்றாடட்டும் என்று திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் ஆபத்து. ஷூவைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சச் சாப்பாடு, பொரி, கடலை எதுவும் வெளியே கிடக்கக் கூடாது, எலி வரும். ராத்திரி எழுந்தால் டார்ச் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். வரப்பு ஓட்டை, செங்கல் அடுக்கு, விறகுக் குவியல் பக்கம் போடாதீர்கள்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்கள் ஒவ்வொரு ராத்தங்கலுக்கும் பக்கத்து மருத்துவமனை எது, எந்த வழி என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கார் ஏறி வர முடியாத ஒற்றையடிப் பாதைக்கு உள்ளே கூடாரம் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அழகான இடமாக இருக்கும், ஆம்புலன்ஸ் வராது.

கொள்ளிடக்காரன்

நான் அணைக்கரைப் பக்கம். கும்பகோணத்திலிருந்து அப்படியே வடக்கே ஏறிக் கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கிற கீழணையைப் பார்க்கலாம், கொள்ளிடக் கரையில் ஒரு ராத்திரி என்று நிறைய பேர் வருகிறார்கள். படுகையில் மூங்கில், நாணல் எல்லாம் பார்க்க மிக நன்றாக இருக்கும், கேமரா எடுத்தவர்கள் அங்கேயே படுக்க ஆசைப்படுவார்கள். அணைக்கரையிலும் அதற்குக் கீழே கொள்ளிடத்திலும் முதலை இருக்கிறது, கதை இல்லை, வனத்துறையே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறது. தண்ணீர் வற்றி அங்கங்கே மடுவாக நிற்கிற காலத்தில் அவையும் அந்த மடுவில்தான் கிடக்கும். இருட்டில் முகம் கழுவக்கூட ஆற்றில் இறங்காதீர்கள். பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கும்பகோணம் சாலைக்குத் திரும்பிவிடுவது உத்தமம்.

பூம்புகாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரையில் கூடாரம் என்று நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். படகு கிளம்புவது விடிகாலை மூன்று நாலு மணிக்கு, கரை அவர்களுக்குத் தொழில் செய்கிற இடம். கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் ரோந்து வேறு உண்டு, வந்து எழுப்பி விசாரித்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது, பஞ்சாயத்தாரைக் கேட்காமல் எதுவும் கூடாது. கேட்டால் பெரும்பாலும் உதவுவார்கள், ஊருக்குள்ளேயே இடம் காட்டுவார்கள். கடைசி ராத்திரியைத் திருவெண்காட்டுப் பக்கம் வயல் ஓரத்து ஊரில் வைத்துக்கொண்டு, விடிகாலையில் கிளம்பிக் கடலில் சூரியன் ஏறுவதைப் பாருங்கள், பக்கம்தான்.

பஞ்சர் பெட்டி

முதலை விஷயம் இழைக்கு வந்தது நல்லது. நானும் சொல்ல நினைத்திருந்தேன்.

கூடாரம் எந்த வகை என்று கேட்கவே இல்லையே. தானாக நிற்கிற டோம் வகைதான் நம்மூருக்கு. முளை அடித்து இழுத்துக் கட்டினால்தான் நிற்கும் என்கிற வகையை வைத்துக்கொண்டு சிமெண்டு வாசலிலும் காய்ந்த களிமண்ணிலும் என்ன செய்வீர்கள்? டெல்டா மண் காய்ந்தால் கல், அலுமினிய முளை வளைந்துவிடும். மூலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில், காற்றடிக்கிற பக்கம் சைக்கிளைப் படுக்கப் போட்டுக் கயிற்றை ஃப்ரேமில் கட்டுங்கள். சைக்கிளுக்கும் பூட்டு மாதிரி ஆயிற்று, யாராவது தொட்டால் கூடாரம் ஆடும்.

பனியை லேசாக நினைக்காதீர்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. திறந்த வெளியில் போட்டால் விடிகாலை மேல்துணி நனைத்துப் பிழிந்த மாதிரி இருக்கும், உள்ளேயும் நம் மூச்சுக் காற்றே நீராகிச் சொட்டும். வேப்ப மரத்துக்கு அடியிலோ கீற்றுக் கொட்டகையின் தாழ்வாரத்திலோ போட்டால் பாதிப் பனி மேலேயே நின்றுவிடும். மேல்துணியின் காற்றுத் துளையைக் குளிர்கிறது என்று மூடாதீர்கள். காலையில் ஈரத்தோடு சுருட்டினால் எடை கூடும், பத்து மணிக்கு ஏதாவது ஒரு வாய்க்கால் மதகில் விரித்துப் போட்டுக் காய வையுங்கள்.

எந்த வீடும் அமையவில்லை, இருட்டிவிட்டது என்றால் என் வழக்கம் பெட்ரோல் பங்க். மேனேஜரிடம் கேட்டுவிட்டுப் பின்பக்கம், டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குத் தள்ளிப் போடுவேன். வெளிச்சம், கேமரா, கழிப்பறை, ராத்திரி முழுக்க ஆள்.

மெதுமிதி

பங்க் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு அண்ணா. மெயின் ரோட்டு பங்கில் ராத்திரி முழுக்க லாரி வந்துகொண்டே இருக்கும், பின்பக்கம்தான் அவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் படுப்பதும். ரிவர்ஸ் எடுக்கிற லாரி டிரைவருக்குத் தரையோடு தரையாக இருக்கிற கூடாரம் தெரியாது. கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் பங்க் நல்லது, தூங்க இல்லை. இருட்டிவிட்டால் நான் போவது காவல் நிலையத்துக்கு. நிலைமையைச் சொன்னால் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ யாரிடமாவது போன் செய்து கேட்டுத் தருவார்கள், குறைந்தபட்சம் நாம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கிராமத்துக்குள் என்றால் ஊராட்சித் தலைவர் வீடு. பள்ளிக்கூட வளாகத்தில் தலைமை ஆசிரியரைக் கேட்காமல் யார் சொன்னாலும் போடாதீர்கள், காலையில் பிள்ளைகள் வரும்போது அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பணம் கொடுப்பது பற்றியும் யாரும் பேசவில்லை. இடம் கொடுத்தவரிடம் நோட்டை நீட்டினால் பெரும்பாலும் முகம் சுருங்கிவிடும். போகிற வழியில் டவுனில் பழமோ பிஸ்கட்டோ வாங்கி வைத்துக்கொண்டு, போனவுடனே வீட்டில் இருக்கிற பெரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். கிளம்பும்போது கொடுத்தால் கூலி மாதிரி ஆகிவிடும். போட்டோ எடுத்தால் இணையத்தில் போடலாமா என்று கேளுங்கள், இடத்தின் பெயரையும் வீட்டையும் அடையாளம் காட்டி எழுதாதீர்கள். அடுத்த வாரம் பத்துப் பேர் அதே வாசலில் போய் நிற்பார்கள்.

திருச்சி டைனமோ

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. திட்டத்தை மாற்றி எழுதிவிட்டோம். முதல் ராத்திரி திருக்காட்டுப்பள்ளிக்கும் திருவையாற்றுக்கும் நடுவில் ஒரு மோட்டார் கொட்டகை, அடுத்தது கபிஸ்தலத்தைத் தாண்டி, கும்பகோணத்துக்குள் தங்காமல் நேராக ஆடுதுறை, குத்தாலம் பக்கம், கடைசி ராத்திரி திருவெண்காடு. தினமும் மூன்றரைக்கு மேல் இடம் தேட ஆரம்பிப்போம், எல்லா இடத்துக்கும் மருத்துவமனை வழியைக் குறித்துக்கொண்டாயிற்று. அடுப்பை வீட்டிலேயே வைத்துவிடுகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். திரும்பும்போது மயிலாடுதுறையில் சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியுமா? ராத்திரி நாய்த் தொல்லைக்கு என்ன செய்வது? கூடாரத்தைக் கண்டால் குரைத்துத் தள்ளும் என்கிறார்கள்.

பஞ்சர் பெட்டி

ஏற்றலாம். மயிலாடுதுறை ஜங்ஷனில் பார்சல் அலுவலகத்துக்குப் போய், உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். லக்கேஜ் பெட்டி உள்ள வண்டி எது, அதில் இடம் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே அங்கே கேட்டுவிடுவது நல்லது. வண்டி வருகிற நேரத்துக்கு ஓடினால் நடக்காது, நிதானமாக முன்னாடியே போங்கள். பெடலைக் கழற்றிக்கொள்ளுங்கள், ஹேண்டிலைத் திருப்பி ஃப்ரேமோடு கட்டுங்கள், கியர் இருக்கிற பக்கம் பழைய துணி சுற்றுங்கள். பேர், போன் நம்பர், இறங்குகிற ஸ்டேஷன் எழுதிய அட்டை இரண்டு இடத்தில் தொங்கட்டும். அடுப்பை விட்டுவிட்டது நல்ல முடிவு, கேஸ் குப்பியை ரயிலில் கொண்டுவரவே கூடாது.

களத்துமேடு

நாய்க்கு நான் சொல்கிறேன். இடம் கொடுத்தவர் வீட்டு நாயை இருட்டுவதற்கு முன்னாலேயே அவர் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், உங்கள் பிஸ்கட்டை அவர் கையால் போடச் சொல்லுங்கள். அது மோந்து பார்த்துவிட்டால் போதும், அப்புறம் தெரு நாய் எதையும் அது கொல்லைக்குள் விடாது, கூடாரத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். ராத்திரி குரைத்தால் வெளியே வந்து விரட்டாதீர்கள், உள்ளிருந்தே பேசுங்கள், குரல் தெரிந்தால் அடங்கிவிடும். செருப்பை மட்டும் வெளியே விடாதீர்கள், குட்டி நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

முதல் ராத்திரி எங்கள் பக்கம் வருகிறீர்கள் என்றால் தனிச்செய்தியில் தேதி சொல்லுங்கள். எங்கள் பங்கில் அறுப்பு அதற்குள் முடிந்திருக்கும், கொட்டகைப் பக்கம் இடம் இருக்கிறது. கரண்ட் முறை பகலா ராத்திரியா என்று அந்த வாரம் பார்த்துச் சொல்கிறேன், குளிக்க அதற்குத் தக்க நேரத்தில் வந்து சேருங்கள்.